புளியமரத்தடிச் சங்கிலி

ஆடி 9, புதன்

விடிந்ததிலிருந்து கணவாய்க் காற்று. எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பது பெரும்பாடு. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன்.

கோவிந்தாபுரம் பஸ் நிறுத்தத்துப் புளியமரத்தடியில் மாரப்பன் வண்டியும் போய்விட்டது. இந்த மாதத்தில் மூன்றாவது. பூட்டோடு அப்படியே தூக்கிப் போயிருக்கிறார்கள். செக்போஸ்ட் தாண்டினால் வேறு மாநிலம். இந்தப் பக்கப் போலீஸில் கேட்டால் அந்தப் பக்கம் கேட்கச் சொல்கிறார்கள். அங்கே போனால் இங்கே.

வெளியாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சொன்னார்கள்.

சாப்பிடும்போது அப்பா, தலை நிமிராமல்: "உன்ற வண்டி போச்சுன்னா புதுசு கேக்காத அம்முணி. வேலைய உட்டுப்போட்டு ஊட்ல இரு."

எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து நடந்து போனால் கொல்லங்கோடு பஸ் கிடைக்காது. அங்கே விதைக் கிடங்கில் நேரம் தப்பினால் என் நாற்காலிக்கு வேறு ஆள் தயார். அப்பாவுக்கும் இது தெரியும்.

வாங்க: டைனமோ பல்ப், மை, அம்மாவுக்குத் தைலம். நூலகப் புத்தகம் திருப்ப வேண்டும். கடைசி அத்தியாயம் பாக்கி.

ஆடி 11, வெள்ளி

நிறுத்தத்து டீக்கடை வேலுச்சாமி அண்ணன் கடையில் கூட்டம். மரத்தடியில் வண்டி விடும் எல்லோரும். பெண் நான் ஒருத்திதான். பெஞ்சின் ஓரத்தில்.

மாரப்பன் யோசனை: மரம் ஏற்றும் லாரியில் கட்டுகிற சங்கிலியை எல்லா வண்டியின் சட்டத்திலும் பின்சக்கரத்திலும் கோத்து, மரத்தைச் சுற்றி ஒரே பூட்டு. கடைசி பஸ் வந்த பிறகு ஒரே தடவை திறப்பது. முந்தி வந்தவர் காத்திருக்க வேண்டியதுதான்.

சாவி விஷயத்தில்தான் சண்டை. பூட்டுக்கு இரண்டு சாவி. இரண்டாவது யாரிடம்? யார் பெயர் சொன்னாலும் இன்னொருவர் முகம் சுளித்தது. மாரப்பன்தான் முடித்து வைத்தார். "ரெண்டு சாவின்னா ரெண்டு பேரச் சந்தேகப்படோணும். ஒண்ணுன்னா வேலுச்சாமி ஒருத்தனப் புடிச்சு ஒதச்சாப் போதும்."

சிரிப்பு. எல்லோரும் எழுந்து போய், எல்லோரும் பார்க்க, இரண்டாவது சாவியைக் கடைக் கிணற்றில் போட்டார்கள். விழுந்த சத்தம் கேட்டதும் முகங்கள் தெளிந்தன. எனக்கும் நிம்மதி. மற்றதை வே. அண்ணன் அரைஞாணில் கட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க வண்டியும் இதுலயே இருக்கட்டும் அம்முணி. பொம்பள வண்டின்னு தனியா உட்டா மொதல்ல அதுதான் போகும்."

ஆடி 22, செவ்வாய்

தூறல். சங்கிலி போட்டதிலிருந்து ஒரு வண்டியும் களவு போகவில்லை.

எதிர்பார்க்காதது இது: சாயந்திரம் காத்திருக்கும் நேரம். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனவர்கள் இப்போது உட்கார்ந்து பேசுகிறார்கள். நான் பேப்பர் படித்துச் சொல்கிறேன். அரிசி விலை என்றால் இரண்டாம் தடவை படிக்கச் சொல்வார்கள். எதிரே கடலைக்காட்டில் வேலை செய்யும் ரங்கன் யாருடைய பஞ்சரையும் கேட்காமலே ஒட்டிக் கொடுக்கிறான். அவன் வண்டியும் சங்கிலியில்தான்.

அவன் மனைவி சின்னாத்தாள் காட்டுக்குச் சோறு கொண்டு வருவாள். இன்று மழையால் சாயந்திரம் வரை தங்கிவிட்டாள். சங்கிலியைப் பார்த்து, "ஏனுங், மாட்டாட்டக் கட்டி வெச்சிருக்கறீங்க. தீவனம் போட்டீங்களா?"

வே. அண்ணன்: "உன்ற புருசனையும் சேத்துக் கட்டச் சொல்றயா?"

"அதக் கட்டறதுக்கு நான் இருக்கறனுங்க. உங்க வேலையப் பாருங்க."

ரங்கன் வெட்கப்பட்டு டயரைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

வரிசையாக வீடு திரும்பினோம். அவள் அவன் கேரியரில். முன்னும் பின்னும் டைனமோ விளக்குகள். தனியாக வருகிற பயம் இல்லை. இதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. வைத்தாயிற்று.

ஆடி 26, சனி

அரை நாள். மதியத்துக்கு மேல் பஸ். வே. அண்ணனும் ஏறினார், டீத்தூள் வாங்க வந்தவர். கடையைப் பூட்டிவிட்டு வந்தாராம். மடியில் பொட்டலம். "மோந்து பாருங்க அம்முணி, மலைச்சரக்கு" என்று நீட்டினார். வாசனை நன்றாக இருந்தது என்றேன். அவருக்குச் சந்தோஷம்.

பாதி வழியில் எதிரே மாட்டுவண்டி ஒன்று. மாடுகளை அடித்து ஓட்டிக்கொண்டு போனார்கள். வண்டிக்குள் குனிந்து இரண்டு மூன்று பேர். வே. அண்ணன் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இந்த வெரட்டு வெரட்டறானே, எவன்டா அவன். மாடு செத்துப்போகும்." பஸ் நிற்கவில்லை. நிறுத்த எங்களுக்குக் காரணமும் இல்லை.

இறங்கியபோது மரத்தடியில் கூட்டம். சங்கிலியைச் சுற்றிக் கல், கடப்பாரை. சங்கிலியில் வெள்ளை வெள்ளையாக அடிபட்ட தடம். என் வண்டியின் சட்டம் மெலிது; அந்த ஒன்றையாவது விடுவித்து, உட்காரவைத்துத் தள்ளிப் போகலாம் என்று அதை அறுக்கப் பார்த்திருக்கிறார்கள். அரைவாசி அறுத்ததில் இரும்பறுக்கும் வாள் உடைந்து கிடந்தது.

சோறு கொண்டு வந்த சின்னாத்தாளைக் காட்டு வரப்பில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. மதிய பஸ் அப்போதுதான் போயிருந்தது. லாரி ஒன்றும் வரவில்லை. மரத்தடி நிறையச் சைக்கிள். பூட்டை உடைக்க முடியாமல் நேரம் போய், பிறகுதான் யாரோ மாட்டுவண்டிக்கு ஓடினார்கள்.

வே. அண்ணன் யாரிடமும் கேட்காமல் குனிந்து பூட்டைத் திறந்தார். டீத்தூள் பொட்டலம் அவிழ்ந்து தரையெல்லாம் சிந்தியது. யாரும் வண்டியை எடுக்கவில்லை.

ஆடி 27, ஞாயிறு

ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே நினைவு தப்பிவிட்டதாம். காலையில் முடிந்தது.

ஒன்றும் படிக்க ஓடவில்லை. அம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டாள்.

ஆடி 29, செவ்வாய்

சங்கிலி மரத்தில் சும்மா தொங்குகிறது. சாவியை வாங்கமாட்டோம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். வே. அண்ணன் அதையும் கிணற்றில் போட்டுவிட்டார். இந்த முறை யாரும் போய்ப் பார்க்கவில்லை.

ரங்கன் வந்தான். மொட்டைத் தலை. வண்டியைத் துடைத்து அவன் முன் நிறுத்தினார் மாரப்பன். அவன் தொடவில்லை.

"இங்கயே நிக்கட்டுங்க. ஆருக்காச்சும் அவசரம்னா எடுத்துக்குவீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்து போனான்.

ஆவணி 4, திங்கள்

என் வண்டியில் அறுபட்ட இடத்தைப் பற்றவைத்தாயிற்று. கருப்பாக ஒரு முடிச்சு. புதுப் பூட்டு, எனக்கு மட்டும். அவரவர் பூட்டு, அவரவர் நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவரவர் பாட்டுக்குப் போகிறார்கள். பேப்பரில் என்ன என்று கேட்க ஆளில்லை.

மழை. ரங்கன் வண்டியின் சீட்டில் யாரோ சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள்.

ஆவணி 8, வெள்ளி

காற்று நின்றுவிட்டது. வெக்கை.

சாயந்திரம் இறங்கினால் மரத்தடியில் ரங்கன் வண்டி அங்கேயே இருக்கிறது, பூட்டில்லாமல். என் வண்டி இல்லை.

வே. அண்ணன் கடையிலிருந்து வந்து நின்றார். "அத எடுத்துட்டுப் போங்க அம்முணி. அதுக்குத்தான நிக்குது."

சாக்கை எடுத்தேன். கேரியரைப் பார்த்தேன். திரும்பப் போர்த்திவிட்டு நடந்தேன். தோட்டம் வருவதற்குள் இருட்டிவிட்டது. அப்பா வாசலில் விளக்கோடு. நான் நடந்து வருவது அவருக்குத் தூரத்திலேயே தெரிந்திருக்கும்.