பாவு முடியட்டும் என்றார் டாக்டரம்மா

6.7.98, திங்கள்
காலையிலிருந்தே புழுக்கம். கரண்ட் இரண்டு முறை போனது. ஊசிகளை மறுபடி கொதிக்க வைத்தேன். கூட்டம் குறைவு, பாதி இருமல்.

கடைசியாகத் தனம். பட்டு நெசவு. கைக்குழந்தைக்கு எட்டு மாதம். பிரசவம் நம் கிளினிக்கில்தான். மறுபடி குளி நின்று இரண்டரை மாதமாம்.

"வேணாங்க டாக்டரம்மா, கலைச்சிடுங்க. இதையும் சொமந்துகினு குழித்தறில உக்கார முடியாதுங்க. வீட்டுக்காரருக்கும் தெரியும்."

டா.அம்மா பி.பி. பார்த்தார். "தறியில பாவு இருக்கா?"

"இருக்குங்க. மூணு சேலைல இன்னும் ரெண்டு பாக்கி."

"அது முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

கும்பிட்டுவிட்டுப் போனாள். சட்டத்தில் இடம் உண்டு, இங்கே வசதியும் உண்டு. பின்னே ஏன் தள்ளிப்போட்டார்?

9.7.98, வியாழன்
வாங்க வேண்டியது: பஞ்சு, டிஞ்சர், எனக்கு ஹேர்பின்.

டா.அம்மாவிடம் காரணம் கேட்டே விட்டேன். "பாவு முடியட்டும்னேனே" என்றார், அவ்வளவுதான். இந்த ஊரில் அப்படிச் சொன்னால் நாள் குறித்த மாதிரி; தறியில் ஏற்றிய நூல் தீரும்வரை நெசவுக்காரர் எதற்கும் எழமாட்டார்கள். பெண் பார்க்கப் போவதும் கண் ஆபரேஷனும் பாவைப் பார்த்துத்தான். இவர் தெள்ளார்ப் பக்கம், நயினார் குடும்பம், ஜைனர். இந்த ஊர் வழக்கம் தெரியுமோ என்னவோ.

புழு சாகிறதென்று பட்டே கட்டமாட்டார், ஆரணியில் இருந்துகொண்டு! யார் சேலை கொடுத்தாலும் திருப்பிவிடுவார். ஆனால் பட்டு நெய்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் சாப்பாட்டை விட்டு எழுந்து வருவார். கோடு எங்கே போடுகிறார்? தெரிந்துகொள்ள ஆசை. என் மூக்கு நீளம், அம்மா சொல்வது சரிதான்.

24.7.98, வெள்ளி
ஆடி வெள்ளி. தெருவெல்லாம் கூழ். தனம் மூச்சிரைக்க வந்தாள்.

"முடிச்சிட்டேங்க! நானும் அவரும் மாத்தி மாத்தி உக்காந்து ஜல்தியா எறக்கிட்டோம். இன்னிக்கே அட்மிட் ஆவட்டா?" விரல்களில் பிளாஸ்திரி.

டா.அம்மா முகம் வெளுத்துவிட்டது. "நான் அதைச் செய்யறதில்லம்மா. அதுவும் ஒரு உயிர். என் மனசாட்சி ஒத்துக்கல."

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேங்க." சண்டைக் குரலே இல்லை. போய்விட்டாள்.

"நாள் போனா மனசு மாறுவான்னு நெனச்சேன்" என்றார் என்னிடம்.

"வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டாவது எழுதித் தரலாங்களே?"

"எழுதினா செஞ்ச மாதிரிதான்."

நடிப்பில்லை, கண் கலங்கியிருந்தது. முடியாது என்று சொல்ல ஒரு டாக்டருக்கு உரிமை உண்டா? இருக்கட்டும் என்றே தோன்றுகிறது. எனக்கும் ஒருநாள் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் எந்த நிமிஷத்தில் சொல்வது? யார் காதில் விழும்படி?

26.7.98, ஞாயிறு
தூறல். கொடியில் துணி காயவில்லை.

தனம் வீட்டுக்குப் போனேன். வேலூருக்கே போகப்போகிறாளாம்; அங்கே யாரையும் தெரியாதாம், வீட்டுக்காரர் குழந்தையைப் பார்த்துக்கொள்வாராம். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல்தான்.

மாலை டா.அம்மாவிடம் நாளைக்கு லீவு கேட்டேன். காரணத்தையும் சொன்னேன்.

லீவு நோட்டை மூடிவைத்தார். "லீவு குடுத்தா நானும் கூட வந்த மாதிரிதானே?"

"அப்போ லீவு வேணாங்க. நாளைக்கு நான் வேலைக்கு வரல, அவ்ளோதான்."

வாசல் வரை வந்த பிறகுதான் உறைத்தது. வேலை போனாலும் போகும்.

27.7.98, திங்கள்
முதல் பஸ். கண்ணமங்கலம் வரை நின்றுகொண்டு. தனம் புளிசாதம் கட்டி வந்திருந்தாள், எனக்கு மட்டும்.

வேலூரில் ஒரே நெரிசல். லேடி டாக்டர் சின்னப் பெண், சிடுசிடுப்பு. வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "செய்யலாம். ஆனா ரொம்ப தள்ளிட்டே, மூணு மாசம் தாண்டிடுச்சி. ரிஸ்க் கூடிடுச்சி, தங்கணும். ஆரணிலயே டாக்டருங்க இருக்காங்களே, யார்கிட்டயும் காட்டலியா?"

தனம் என்னைப் பார்க்கவில்லை.

"இல்லீங்க. நான்தான் சும்மா இருந்துட்டேன். எம்மேலதான் தப்பு."

டா.அம்மா மேல் அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது.