புகையிலைக் கை

12 மே, செவ்வாய். காலையில் மழை, பிறகு வெயில்.

ஓம் பிள்ளை, நான் ஊத்தையன்தான். கிணத்தடியில ரெண்டு நேரமும் முழுகித் திரிஞ்ச மனிசனுக்கு இந்த நாட்டில வந்துதான் கை கழுவப் பழக்கவேண்டிக் கிடக்கு. கீழ்வீட்டு மனிசி சொன்னதை நீயும் ஒரு சொல்லு விடாமல் தமிழில சொல்லிப்போட்டு நிண்டனி. அந்த ஒண்டை விழுங்கியிருக்கக் கூடாதோ?

புவனம் ஆஸ்பத்திரிச் சமையலறை வேலைக்குப் போய்விட்டாள். மகள் இல்லாத வீட்டில் மகளோடு சண்டை. ஆகவே இந்தக் கொப்பியில்.

நடந்தது இது. கீழ்வீட்டு ஃபிராவ் மோசரின் அக்காவுக்கு ஒப்பரேஷன். அவவைப் பார்க்க ஃபிராவ் மோசர் பேர்னுக்குப் போயிருக்கிறா. மிருகங்கள் விற்கிற கடையில் வேலை ஃபிராவ் மோசருக்கு. அங்கிருந்து கொண்டுவந்து வளர்க்கிற பச்சோந்திக் குஞ்சு, என் நடுவிரல் நீளம். இந்தக் கட்டிடத்தில் பகலில் வீட்டில் கிடக்கிறவன் நான் ஒருவன். கூட்டோடு என்னிடம் வந்துவிட்டது.

சொல்லிவிட்டுப் போனவை: காற்றில்லாத வெயிலில் மட்டும் வெளியே விடலாம், பக்கத்தை விட்டு அசையக்கூடாது. தீன் பெட்டியில் இருக்கிற தத்துவெட்டி, அதுதான் வெட்டுக்கிளி, அதன் குஞ்சு மட்டும், அதுவும் பச்சோந்தியின் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட அளவை மிஞ்சக்கூடாது. வெள்ளைத் தூளில் பிரட்டிக் கொடுக்க வேண்டும். வளவுப் பூச்சி கூடாது, ரோசாவுக்கு மருந்தடிக்கிறார்கள். கோப்பையில் தண்ணீர் குடியாது, இலையில் தெளிக்க வேண்டும்.

கடைசியில், கை கழுவிவிட்டுத் தொடட்டாம். எங்கள் குழாயடிக்கே போய்க் கையைத் தேய்த்துக் காட்டினா.

போகும்போது ஒரு பகிடி விட்டேன். பச்சோந்தியைக் காட்டி, அடுப்பைக் காட்டி, "கறி, குட்" என்றேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றா. பிறகு விளங்கிச் சிரித்து என் தோளில் ஒரு அடி. இந்தக் கட்டிடத்தில் என் பகிடிக்குச் சிரிக்கிற ஒரே ஆள். மற்றவர்கள் படியில் என்னைக் கண்டால் சுவரைப் பார்ப்பார்கள்.

அதனால்தான் பொறுக்குதில்லை. மற்றவர்கள் சொல்லியிருந்தால் போகட்டும் என்றிருப்பேன்.

13 மே, புதன். வெயில். காற்றும் இருந்தது. அதை நான் கணக்கெடுக்கவில்லை.

பின்வளவு ஊதாப் பூச்செடியில் விட்டேன். ஒரு அடி முன்னுக்கு, அரை அடி பின்னுக்கு. ஊரில் கள்ளுத் தவறணையால் வாற என் கூட்டாளி கந்தையர் மாதிரியே நடை. பக்கத்து இலையில் ஒரு ஈ. நாக்கு நீள முன்னம் கலைத்துவிட்டேன். மருந்து விஷயத்தில் நல்ல கவனம்.

இப்போது பக்கத்துத் தெருவில் இருக்கிற அதே கந்தையரும் வந்தார், இது இருக்கிற இடத்தின் நிறத்துக்கு மாறும் என்றார். இன்று எங்கள் உடுப்புத் தோய்க்கிற முறை. கொடியில் புவனத்தின் சிவப்புச் சேலை. எடுத்து அதில் விட்டேன்.

சேலை காற்றில் ஆடியது. குஞ்சு நாலு காலாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. சிவக்கவில்லை. தலை முதல் வால் வரை கறுத்துவிட்டது.

"உன்னைப் பாத்து மாறினது," என்றார் கந்தையர். இரண்டு கிழவர்களும் கண்ணீர் வரச் சிரித்தோம். குளிரிலும் பயத்திலும் கறுத்திருக்கிறது. அது இப்போதுதான் விளங்குகிறது.

உள்ளே கொண்டுவந்தேன். வெற்றிலை இங்கே கிடைக்காது. பாக்கும் ஊர்ப் புகையிலையும்தான். அப்போதுதான் கிள்ளி வாயில் போட்டிருந்தேன். விரல் முழுக்கப் புகையிலை. பக்கத்தில் குழாய். குழாயைப் பார்த்தேன். வேண்டுமென்றே கழுவவில்லை. அந்த விரலாலேயே தத்துவெட்டியைத் தூக்கிப் பிடித்தேன். நாக்கு வந்து விரலில் ஒட்டி, தீனை எடுத்துக்கொண்டு போனது. இன்னொன்று. இன்னொன்று.

பொழுதுபட, தலை ஆடத் தொடங்கியது. வாய் திறந்து மூடியது. கொப்பிலிருந்து விழுந்தது.

அந்த ஆட்டம் எனக்குத் தெரியும். பள்ளிக்கு ஒளித்துத் திரிந்த காலத்தில் ஓணான் வாயில் புகையிலை வைத்து ஆட்டம் பார்த்த கூட்டத்தில் நானும் நின்றவன்.

விரலை மூக்கில் வைத்து மணந்து பார்த்தேன்.

14 மே, வியாழன். மப்பு மூடின வானம்.

என்ன நடந்தது என்று புவனம் கேட்டாள். குளிர் பிடித்திருக்கும் என்றேன். பொய்.

"பகல் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கு, ஐயா. நீங்கள் பகிடி விட்டுட்டு இருப்பியள். நான்தான் அந்த மனிசியின்ர முகத்தில முழிக்கோணும்."

மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தாள். சூடாக வைக்கட்டாம், வாயருகில் தண்ணீர்த் துளி விடட்டாம். தப்பினால் திங்கள் கட்டாயம் கொண்டுவந்து காட்டட்டாம், உள்ளுக்குப் பழுது வெளியில் தெரியாதாம். பிறகு, தொட்டவர் கையில் ஏதும் இருந்ததோ என்று கேட்டாராம்.

புவனம் என் விரலைப் பார்த்தாள். திட்டவில்லை. குழாயைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள், சின்னப்பிள்ளைக்குத் திறந்துவிடுவது மாதிரி.

"கை கழுவச் சொல்லி எல்லாருக்கும்தான் சொல்லுறவையாம், ஐயா. டொக்டர்மாருக்கும்."

16 மே, சனி. மழை.

புகையிலைப் பையை அலுமாரிக்கு மேலே எறிந்தாயிற்று. வாய் நமநமக்கிறது. கை சவர்க்காரத்தில் வெளிறிப் போயிற்று. இப்போது கழுவி என்ன.

இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் ஒரு கண் திறந்தது. என்னைத்தான் பார்த்தது. ஒரு ஓந்திக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டேன். சிரிப்பான விஷயம், சிரிக்கவில்லை. பின்னேரம் ஒரு துளி குடித்தது. வயிற்றுப் பக்கம் கொஞ்சம் பச்சை.

ஃபிராவ் மோசரிடம் சொல்லப்போவது நான்தான். புவனம் எனக்காகச் சொல்லமாட்டாளாம், சொற்களை மட்டும் தந்தாள். தபாக், புகையிலை. ஹெண்ட், கை. நொட் க்வெஷே, கழுவவில்லை. அடுப்படியில் நின்று பாடமாக்கினேன்.

17 மே, ஞாயிறு. வெயில்.

புவனத்துக்கு வேலை. ஃபிராவ் மோசர் வந்துவிட்டா, அக்காவுக்குச் சுகம். குஞ்சு கொப்பில் பச்சையாக இருந்தது. அவவின் முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

தொடங்கினேன். பையை எடுத்துக் காட்டி, "தபாக்." விரலைக் காட்டி, "ஹெண்ட். நொட் க்வெஷே." குஞ்சைக் காட்டினேன். அது ஆடினமாதிரி தலையை ஆட்டினேன். கண்ணை மூடிக் கன்னத்தைக் கையில் சாய்த்துக் கிடந்து காட்டினேன்.

என்னையும் குஞ்சையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு வெடித்துச் சிரித்தா. "கறி, கறி!" என் தோளில் அதே அடி.

நைன், நைன், இல்லை என்றேன். என் முகத்தைத் தடவிப் பார்த்தேன். இந்தப் பாழ்பட்ட முகம் பழக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றதோ, தெரியாது.

கூட்டைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினா. "ஃபிராவ் மோசர், திங்கள், டொக்டர்..." என்று பின்னால் போனேன். திரும்பாமலே கையை ஆட்டினா. கூட்டுக்குள்ளே குஞ்சின் ஒரு கண் படியைப் பார்த்தபடி. மற்றக் கண் பின்னுக்குத் திரும்பி, கதவு சாத்தும்வரை என்னில் நின்றது.