பாக்கெட் மசாலா பாதி போதும்

ரெட்டிபாளையம்,
பங்குனி 12

அன்பு மகள் சத்யப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே அப்பா இருக்கிறார், நான் இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறோம், நலம் என்று எழுதலாம் என்றால் எழுதலாம். நீ போய் ஏழு மாதம் கழித்து எழுதுகிறேன், முன்பே எழுதியிருக்க வேண்டும். என் போனில் உன் நம்பரை அப்பா அழித்தபோது பக்கத்தில்தான் நின்றேன். உன் சிநேகிதி அம்பிகாவிடம் வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அம்பிகா நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்கு வந்தாள். ஆதார் நகல் எடுக்க வந்தவள் போல நின்றுகொண்டிருந்துவிட்டு, மற்றவர்கள் போன பிறகு, அம்மா, பிரியாவுக்கு மூணு மாசம், சோத்தப் பாத்தாலே கொமட்டுதாம், நூடுல்ஸ் மட்டுந்தான் எறங்குதாம், ஆனா ஒங்க கையால சாப்ட்ட ருசி வரலேங்குறா, எப்புடி செய்வீங்கன்னு கேட்டு வாங்கியாரச் சொன்னா என்றாள். நான் சரி என்றேன். அவளுடைய நகலை எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன், அவளும் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நீ எங்களைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போன மூன்றாம் நாள் அப்பா பின்பக்கக் குழாயடியில் உனக்காகத் தலை முழுகினார், செத்தவர்களுக்கு முழுகுவது போல. அடுத்து நீ முழுகு என்றார், நானும் உட்கார்ந்து ஊற்றிக்கொண்டேன். வெயிலில் கிடந்த தொட்டித் தண்ணீர், வெதுவெதுப்பாக இருந்தது. துவட்டிக்கொண்டு உலை வைத்தேன். உன் அத்தை பாப்பாத்தி, படிச்சவ வளத்த லட்சணத்தப் பாரு, ஒரு சொட்டுக் கண்ணீரு இருக்கா என்றார். அவர் சொன்னது சரிதான். அழுகை அன்றைக்கும் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

நூடுல்ஸ் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ பாக்கெட்டில்தான் ருசி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாய், அந்தப் பத்து ரூபாய்ப் பாக்கெட்டில் ஒன்றும் இல்லை. சின்ன வெங்காயம் பத்து எடுத்துக்கொள், பெரிய வெங்காயம் போட்டால் இனிப்புத் தட்டும். அங்கே புனேயில் கிடைக்காவிட்டால் சொல், பெரம்பலூர்ப் பக்கத்து வெங்காயம் இப்போது நன்றாக வருகிறது, காயவைத்து அனுப்புகிறேன். கடலை எண்ணெயில் சீரகம், தட்டிய பூண்டு, வெங்காயம் போட்டு விளிம்பு சிவக்கும்வரை வதக்கு. பிறகு வெறும் தண்ணீர் ஊற்றாதே, ரசத்தின் மேல் தெளிவு ஒரு டம்ளர், தண்ணீர் அரை டம்ளர். நீ கண்டுபிடிக்காதது அதுதான். கொதித்ததும் நூடுல்ஸைப் போட்டு, பாக்கெட் மசாலாவில் பாதி மட்டும் போடு, ரசத்தில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, மாசமாக இருக்கும்போது உப்பைக் கூட்டாதே. முட்டை ஊற்றினால் முழுக்க வேகவிடு, அரைவேக்காடு உனக்கு இப்போது ஆகாது. முருங்கைக்கீரை ஒரு பிடி போடலாம், இல்லாவிட்டால் எந்தக் கீரையானாலும் சரி. இந்தக் கடிதத்தோடு ஜெயங்கொண்டத்தில் வாங்கிய உடைத்த முந்திரி கால் கிலோ வைத்திருக்கிறேன், வறுத்து மேலே போட்டுக்கொள். தினமும் இதையே சாப்பிடாதே, குமட்டல் குறைந்ததும் சோற்றுக்கு வந்துவிடு.

இந்த அளவெல்லாம் எனக்கு மனசில் இருந்ததில்லை, கைப்பழக்கத்தில் போடுவேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு தடவை செய்து அளந்து பார்த்தேன். ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்று, என்னா வாசன என்றார். தட்டில் வைத்தேன், உட்கார்ந்து சாப்பிட்டார். பாதியில், காரம் பத்தல, அவளுக்குப் போடுற மாதிரியே போட்டுருக்க என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது போல. வாயில் இருந்ததை மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் மிச்சத்தையும் சாப்பிட்டு, தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு சிமெண்ட் ஆலைக்குப் போய்விட்டார். ஏழு மாதத்தில் உன்னைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. இதை வைத்து நீ பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதே, மறுநாள் பழையபடிதான் இருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்றால் அதுவும் தெரியவில்லை, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஐந்தாம் மாதம் தாய் வீட்டிலிருந்து கட்டுச்சோறு வர வேண்டும், அது உனக்கு வராமல் போகக்கூடாது என்று மட்டும் அப்போது தோன்றியது. நேற்று அப்பாவிடம், வைகாசியில நான் புனேக்குப் போறேன் என்றேன். கேட்கவில்லை, சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், தலமுழுகுனவளப் போயி என்னாத்துக்குப் பாக்கணும் என்றார். நீங்க சொன்னீங்கன்னு முழுகுனேன், இப்ப நானாத்தான் போறேன் என்றேன். இன்று காலை கடை கம்ப்யூட்டரிலேயே டிக்கெட் போட்டுவிட்டேன், அரியலூரில் ஏறி சென்னையில் மாற வேண்டும். சென்னையைத் தாண்டி நான் போனதே இல்லை, போகட்டும். புளிச்சோறு மட்டும்தான் அத்தனை நேரம் தாங்கும், தயிர்ச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறெல்லாம் அங்கே வந்து செய்கிறேன், பெரிய பாத்திரம் ஒன்று மட்டும் யாரிடமாவது வாங்கி வை.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே. ஈரத் தரையில் பார்த்து நட. நல்லபடியாகப் பிள்ளை பெற்று நூறு வருஷம் இருக்க வேண்டும் நீ. வைகாசி ஒன்பதாம் தேதி ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையை வரச் சொல், எனக்கு இந்தி தெரியாது. அவர் முகத்தை நான் இன்னும் சரியாகப் பார்த்ததில்லை, அம்பிகா போனுக்கு ஒரு படம் அனுப்பு. அவரையும் கேட்டதாகச் சொல்.

உன் அம்மா,
வளர்மதி