பீரோவில் மீதி இருக்கும் புட்டி

ஆம்பூர்
30.5.2009

அன்பு மகன் ஜெஸ்டனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் உன்னையும் மருமகளையும் குழந்தை அக்சாவையும் ஒரு குறையுமில்லாமல் காப்பாராக. நாங்கள் இங்கு நலம் என்று எழுதிப் பழகிய கை, இப்போதும் அப்படியே எழுதப் போய் அடித்துவிட்டேன். நான் இருக்கிறேன், உன் அக்கா ஃபீபி இருக்கிறாள். அவளுக்கு லீவு முடிந்துவிட்டது, வேலூர் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி போட்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து வந்து குழம்பு வைத்து டப்பாவில் அடைத்து வைத்துவிட்டுப் போகிறாள், அதை நான் சுடவைத்துச் சுடவைத்து, கடைசியில் என்ன குழம்பு என்றே தெரியாமல் போகும் வரை சாப்பிடுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ அழுவாய், உடனே எனக்கும் வந்துவிடும், சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதனால்தான் கடிதம்.

போன வாரம் நீ ஃபீபியிடம் கேட்டதை அவள் என்னிடம் சொன்னாள். அம்மாவிடம் கொடுத்து வைத்த ஜப்பான் விஸ்கிப் புட்டிகள் மூன்றும் பத்திரமாக இருக்கின்றனவா, அந்தப் பக்கம் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா, விற்றால் அம்மாவுக்கு நல்ல கருங்கல்லில் கல்லறை கட்டிவிடலாம் என்றாயாம். அவளுக்குப் பதில் தெரியும், ஆனாலும் அப்பா எழுதுவார் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். மூன்றில் இரண்டு இல்லை, ஜெஸ்டன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன்னை இழுத்தடிக்க எனக்கு மனசில்லை. எப்படிப் போயின என்பதை முழுக்கப் படி. படித்துவிட்டு என்மேல் கோபம் வந்தால் வரட்டும், எனக்கும் உன்மேல் இருக்கிறது.

ஜப்பானில் கோபேயில் அந்த ஷூ கம்பெனியில் சேர்ந்து முதல் லீவுக்கு வந்தபோது நீ பெட்டியைத் திறந்து முதல் புட்டியை வெளியே எடுத்ததும் அம்மா பதறிவிட்டாள். பிள்ளை குடிக்கக் கற்றுக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்தாள். நீ சிரித்துக்கொண்டே, இது குடிக்க இல்லை அம்மா, வைக்க என்றாய். அங்கே உன் அறை தீப்பெட்டி அளவு, போதாததற்கு அடிக்கடி பூமி ஆடுகிறது, இங்கே இருக்கட்டும் என்றாய். வருஷம் போகப் போக விலை ஏறும், காய்ச்சின கம்பெனியை மூடிவிட்டால் இன்னும் ஏறும், உலகத்தில் ஒவ்வொன்றாகக் குடித்துத் தீர்க்கத் தீர்க்க மிச்சம் இருப்பது தங்கம் என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தாய். எனக்கு அது பிடிபடவேயில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரிட்டையர் ஆகும் வரை தோலோடு கிடந்தவன். தோல் பதனிடும் ஷாப்பில் எதை வைத்திருந்தாலும் நாறும், உப்புப் போட்டாலும் ஒரு அளவுக்குத்தான் தாங்கும், லாரியில் வந்த தோலைக் காலாகாலத்தில் தொட்டியில் இறக்க வேண்டும். சும்மா வைத்திருப்பதாலேயே ஒரு பொருளுக்கு விலை கூடும் என்பதை நான் எங்கே போய் நம்புவது? உன் அம்மா நம்பினாள். நீ சொல்லிவிட்டால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

நீ அடுத்தடுத்த லீவில் இன்னும் இரண்டு கொண்டுவந்தாய். மூன்றையும் பீரோவின் கீழ்த்தட்டில், கல்யாணப் புடவைக்குப் பின்னால், படுக்க வைக்காமல் நிற்க வைத்து, வெளிச்சம் படாமல் காத்தவள் அவள்தான். லேபிளில் கீறல் விழுந்தால் விலை போய்விடும் என்று நீ சொன்னதற்காக, ஃபினிஷிங்கில் கழித்துப் போடும் மெல்லிய லைனிங் தோல் துண்டுகளை என்னை வாங்கிவரச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் உறை தைத்தாள். மூடிப்போன கம்பெனியின் புட்டி, அதுதான் எல்லாவற்றிலும் உசத்தி, அதைத் தொடவே கூடாது என்றாயே, அதன் உறையில் மட்டும் அடையாளத்துக்குச் சிவப்பு நூலில் ஒரு சிலுவை போட்டாள். பெண்கள் சங்கச் செயலாளராகக் குடியின் கேட்டைப் பற்றிக் கோயிலில் பேசிவிட்டு வந்து, செருப்பைக் கழற்றினதும் பீரோவைத் திறந்து புட்டிகள் நிற்கின்றனவா என்று பார்ப்பாள். போதகர் வீட்டு ஜெபத்துக்கு வருகிறார் என்றால் பீரோ சாவி அவள் இடுப்பில் ஏறிவிடும். ஆம்பூரிலேயே பெரிய பிராந்திக்கடை முதலாளியம்மா நம் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று நான் சீண்டுவேன். உன் அம்மா ஜெபகனிக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வரும், உனக்குத் தெரியுமே அந்த முகம்.

அவளுக்குச் சர்க்கரை போய் கிட்னியில் உட்கார்ந்து, வாராவாரம் டயாலிசிஸுக்கு வேலூர் பஸ்ஸில் ஏறத் தொடங்கியபோது நான் உன்னிடம் ஒன்றை விற்கச் சொன்னேன். காரில் கூட்டிப்போகவாவது ஆகுமே என்று. இப்போது விற்பது புத்தியில்லை அப்பா, ஜப்பான் சரக்குக்கு இப்போதுதான் உலகத்தில் பெயர் வருகிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றாய். நீ மாதாமாதம் பணம் அனுப்பினாய், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. அவளும் உன் கட்சிதான், பிள்ளை ஆசையாகச் சேர்த்து வைத்தது, அக்சாவுக்கு ஆகும், விற்காதீர்கள் என்று பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு சொல்வாள். ஒருநாள் அவளுக்குத் தெரியாமல் ஒரு புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு குர்ஷித் பாயிடம் போனேன். வெளிநாட்டுப் பார்ட்டிகளுக்குத் தோல் கமிஷன் பார்க்கிறவர், அவருக்கு நாலு பேரைத் தெரிந்திருக்கும் என்று. அவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி உறையில் போட்டு என் கையில் கொடுத்தார். "ஞானமுத்து சார், இத வாங்குறவன் இந்த ஊர்ல இல்ல. இத குடிக்கிறவன்தான் இருக்கான்" என்றார். திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். மறுநாள் அவள் சாவியை வேறு இடத்தில் மாற்றி வைத்துவிட்டாள்.

ஓட்டுப் போடும் நாளுக்கு முந்தின நாள் விடியும்போது அவள் போனாள். மூச்சு முட்டுகிறது என்றாள், ஃபீபி நிமிர்த்தி உட்காரவைத்தாள், அவ்வளவுதான். உனக்குப் போன் போட்டோம். கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள், இப்போது லீவு கேட்டால் என் பெயர்தான் முதலில் போகும், எனக்காகக் காக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அழுதாய். நான் சரி என்றேன். இங்கேயும் அதே கதைதான், ஆர்டர் இல்லாமல் பாதி ஷாப்பில் ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள், அதனால் உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அன்றைக்கு இங்கே நெருப்பு வெயில். ஐஸ் பெட்டி கொண்டுவந்தோம், பத்து மணிக்குக் கரண்ட் போனது, வரவில்லை. சாயங்காலத்துக்குள் அடக்கம் செய்தாக வேண்டும் என்று ஃபீபி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். நர்ஸாகச் சொன்னாள், மகளாகச் சொல்ல அவளால் முடியவில்லை.

உன் அம்மா கேட்டுக்கொண்ட இடம் உனக்குத் தெரியும். உனக்கு முன்னால் பிறந்து பால் மணம் மாறாமல் போனானே, அவன் பக்கத்தில். கல்லறைத் தோட்டத்தின் அந்த மூலை முழுக்கப் பாறை, ஜேசிபி உள்ளே வர வழியில்லை. கோவிந்தசாமியும் இன்னும் மூன்று பேரும் கடப்பாறையோடு இறங்கினார்கள். குழி வெட்டுகிறவர்களுக்குச் சரக்கு வாங்கித் தராமல் நம் தோட்டத்தில் ஒரு குழியும் விழுவதில்லை. கோயில் கமிட்டிக்கும் தெரியும், போதகருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். அன்றைக்குத் தேர்தலுக்காக டாஸ்மாக் கடையெல்லாம் அடைத்துக் கிடந்தது. பேரணாம்பட்டு தாண்டி ஆந்திராப் பக்கம் வாங்கிவரலாம் என்று பைக்கில் போன பையன்கள் செக்போஸ்டில் மாட்டி வெறுங்கையோடு வந்தார்கள். முழங்கால் ஆழத்தில் பாறை தட்டியதும் நாலு பேரும் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் போய் நின்றேன். கோவிந்தசாமி எழுந்து நின்று பேசினான், மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை. "ஐயா, அம்மா எங்களுக்கும் அம்மாதான். துட்டு வேணாம். ஆனா உள்ள கொஞ்சம் போனாத்தான் கடப்பாறை எழும்பும், இந்த வெயில்ல எங்களால ஆவல" என்றான். இளகின மண்ணில் வேறு இடம் பார்க்கலாமா என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். நான் வீட்டுக்கு நடந்தேன்.

சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது. ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் ஃபீபி நகை எல்லாவற்றையும் கழற்றியிருந்தாள், அதை மட்டும் கழற்றவில்லை. நான் எடுத்தேன். சிவப்புச் சிலுவை போட்டதை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் உறையோடு பையில் போட்டுக்கொண்டு போனேன். கார்க் பாதியில் உடைந்தது, கோவிந்தசாமி குச்சியால் உள்ளே தள்ளினான். பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றி, தண்ணீர்ப் பாக்கெட்டைக் கடித்துப் பீய்ச்சி, முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். "இன்னாய்யா, புகை நாத்தம் அடிக்குது, தேதி தாண்டிப்போச்சா?" என்றான். பல வருஷம் பழசு, அதுதான் இதன் பெருமை என்றேன். அதான் கெட்டுப்போச்சு என்று சொல்லி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தான். மற்றவர்களும் குடித்தார்கள். நான் ஒரு சொட்டுத் தொடவில்லை, அவளுக்குக் கொடுத்த வாக்கு அது. பிறகு இறங்கினார்கள், பாறை பிளந்தது. குழி ஆனதும் ஒன்று தீர்ந்திருந்தது, மண் தள்ளுவதற்கு இன்னொன்று. போதகர் வந்து நின்றபோது புட்டி மண்மேட்டில் நின்றுகொண்டிருந்தது. அவர் சற்று நேரம் மலையைப் பார்த்தார், அப்புறம் வேதத்தைத் திறந்தார். நாங்கள் அவளை மகன் பக்கத்தில் வைத்தோம், அவள் கேட்ட இடத்தில், வெளிச்சம் போகும் முன்.

இதுதான் நடந்தது. இதில் எனக்கு வருத்தமே இல்லை, உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அம்மாவின் குழிக்கு ஆகும் என்று நீ கேட்டாயே, ஆகிவிட்டது. கருங்கல் எல்லாம் வேண்டாம், அவள்மேல் இருக்கிற மண்ணே பாரம். அந்த இரண்டு காலிப் புட்டியையும் ஃபீபி கழுவித் தலைமாட்டில் நட்டு, ஞாயிறு தவறாமல் கனகாம்பரமும் சாமந்தியும் செருகுகிறாள். லேபிளுக்கு ஒரு கீறல் இல்லை, அம்மா காத்த மாதிரியே இருக்கிறது. என் கோபம் புட்டிக்காக இல்லை. அவளைப் புதைத்த பிறகு நீ இங்கே விசாரித்த முதல் பொருள் அது என்பதற்காக. நீ நல்ல எண்ணத்தில்தான் கேட்டாய், தெரியும். தெரிந்தும் வலிக்கிறது, மறைக்கத் தெரியவில்லை.

அந்த உசத்திப் புட்டி இருக்கிறது என்று படித்ததும் உனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அது விற்பதற்கு இல்லை, ஜெஸ்டன். அதை என் குழிக்கு வைத்திருக்கிறேன். எனக்கும் அவள் பக்கத்தில்தான் இடம், அங்கேயும் பாறைதான், அன்றைக்குக் கடை திறந்திருக்குமோ மூடியிருக்குமோ யார் கண்டது. கோவிந்தசாமியிடம் சொல்லிவிட்டேன். அதுவும் புகை நாத்தம் அடிக்குமா என்று கேட்டான், அடிக்கும் என்றேன், சரி என்றான். ஆனால் நான் கண்ணை மூடுவதற்கு முன்னால் நீ வந்து, அம்மாவின் மண்மேல் கையை வைத்து ஒருமுறை நின்றுவிட்டுப் போனால், புட்டி உனக்கு, எடுத்துப்போய் எந்த விலைக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள். வராவிட்டால் கோவிந்தசாமிக்கு.

பிரஷர் மாத்திரையைத் தவறவிடாதே. குழந்தையோடு வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், இல்லாவிட்டால் நான் அவளோடு எதில் பேசுவது. மருமகளுக்கு என் ஆசீர்வாதம். உன் வேலைக்கு ஒரு சேதமும் வராதபடி தினமும் முழங்கால் போட்டுக் கேட்கிறேன், கோபத்தோடுதான் கேட்கிறேன், கர்த்தர் கேட்பார். சாவி இப்போது என் இடுப்பில் இருக்கிறது.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
ஞானமுத்து