வடிக்காத தண்ணீர்

டிசம்பர் 2

இன்றைக்கும் அதே பொய்யைச் சொன்னேன். இந்த வண்டியின் முன் சீட்டில் ஒரு மகாராணி உட்கார்ந்து போயிருக்கிறாள் என்று. வந்த பயணிகளில் ஒரு அம்மாள் சீட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். உண்மையில் உட்கார்ந்து போனது மாப்பிள்ளையின் அப்பா வளர்த்த ஆடு. மழை நாளில் இன்னும் வாசனை வரும்.

வண்டியும் என்னுடையது இல்லை. மாப்பிள்ளை அகல்மானுடையது. என் தங்கை இந்திரமாயாவின் புருஷன், சின்ன வயதிலிருந்து என் கூட்டாளி. அவன் அப்பா தேயிலைத் தோட்டத்து துரையிடம் வாங்கிய லேண்ட் ரோவர், எங்கள் இருவரையும்விட மூத்தது. இருபது வருஷம் சந்தக்பூ மலையில் வண்டி ஏற்றியவன், போன மாதம் வீட்டுப் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டான். தினமும் நேரில் போய் இதை நினைவுபடுத்திவிட்டு வருகிறேன்.

டிசம்பர் 8

சீசன் முடிந்தது. மாவுக்கட்டைப் பிரிப்பதற்குள் வண்டியைப் புதுசாக்கித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். டிரைவர் சீட் தவிர எல்லாம் கழற்றியாச்சு. அடியில் ஆட்டு ரோமம், ஒரு தலையணைக்கு வரும்.

மாப்பிள்ளை ஒன்றுதான் கேட்டான். "தகரத்த என்ன வேணா பண்ணு மச்சான். இன்ஜின்ல மட்டும் கை வெக்காத. அப்பா பிரிச்சு மாட்டினது. அந்தச் சத்தம் மாறக் கூடாது."

தொட மாட்டேன் என்றேன். தங்கை பக்கத்தில்தான் இருந்தாள்.

டிசம்பர் 13

மட்கார்டு நெளிவுகளை மரச் சுத்தியலால் தட்டி எடுத்தேன். அலுமினியம் பிள்ளை மாதிரி, அடித்தால் முறுக்கிக்கொள்ளும். கதவுக்குப் பச்சை அடித்தாயிற்று, எனக்கும் பாதி.

டிசம்பர் 17

எப்படி எழுதுவது.

நேற்று சாயங்காலம் கல்யாண வீடு. சீட் இல்லாத வண்டியில் மெத்தை போட்டு மாப்பிள்ளையைப் படுக்க வைத்துக் கூட்டிப் போனேன். திரும்பும்போது அவனை வேறு வண்டியில் ஏற்றிவிட்டேன், எனக்கு எழ மனசில்லை. தோங்பா, எங்கள் கேழ்வரகுக் கள், ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஸ்டாண்டு டிரைவர் கால்தென்னை நடித்துக் காட்டச் சொன்னார்கள். போன வருஷம் அவன் ராத்திரி ரேடியேட்டர் தண்ணீரை வடிக்க மறந்து, உறைந்து, காலையில் இன்ஜினுக்குக் கம்பளி போர்த்திவிட்டு அழுதான். அதை நடித்தேன். சிரிக்காத ஆள் இல்லை. மாப்பிள்ளையும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கிளம்பினான்.

நான் அதை நடித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை வண்டி வெளியே நின்றது. தண்ணீரோடு.

காலையில் பானெட்டைத் தூக்கினேன். இன்ஜின் பக்கவாட்டில் நீளமாக விரிசல். அதிலிருந்து ஐஸ் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 18

சொல்லவில்லை.

டிசம்பர் 21

சொன்னேன். பொய்யை. உள்ளே எல்லாம் தேய்ந்து இறுகிப் போச்சு, வயசாச்சு, டீசல் இன்ஜின்தான் வைக்கணும் என்றேன். கோபப்படுவான் என்று பார்த்தேன். சுவரைப் பார்த்தபடி கிடந்தான். பிறகு, "சரி மச்சான். உனக்குத் தெரியாததா" என்றான்.

திட்டியிருக்கலாம்.

விரிசல் விட்ட இன்ஜினைக் கழற்றி என் வீட்டுப் பின்னால் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறேன். கோழி அதன் மேல் உட்காருகிறது.

ஜனவரி 5

டீசல் இன்ஜின் உள்ளே போக மறுத்தது. சுக்கியாவிலிருந்து வெல்டர் வந்து பழைய தாங்கிகளை அறுத்தார், புதிதாக ஒட்ட வைத்தார், கியர்பாக்ஸுக்கு நடுவில் ஒரு தட்டு கடைந்து கொடுத்தார். எல்லாம் பொருந்தியது. பானெட் மூடவில்லை. அதை வெட்டி மேலே ஒரு திமில் வைத்தோம். ஜீப் ஸ்டாண்டே வந்து பார்த்து, புர்பா, நீ கை வைத்தால் கைதான் என்றது. தங்கை எனக்குச் சோறு கொடுத்தனுப்பினாள், பன்றிக்கறியோடு. பாதியைக் கோழிக்குப் போட்டேன்.

ஜனவரி 11

முதல் ஓட்டம். மேக்மா ஏற்றத்தில் நன்றாக இழுத்தது. அங்கே டீக்கடை லாக்பா அக்கா, இரண்டு வளைவு கீழே வரும்போதே சத்தத்தை வைத்து யார் வண்டி என்று கண்டுபிடித்து அடுப்பில் டீ வைத்துவிடுவாள். மாப்பிள்ளை வண்டிக்குச் சர்க்கரை தூக்கல்.

இன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. யாரோ புது வண்டி என்று நினைத்தாளாம்.

ஜனவரி 13

தங்கை கூப்பிட்டாள். மாப்பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, நீ பேசு அண்ணா என்று.

போனால், அப்பா படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. "அப்பா இன்ஜின நான்தான் கொன்னுட்டேன் மச்சான். விழறதுக்கு முந்தின நாள் மேக்மா ஏத்தத்துல தண்ணி கொதிக்கக் கொதிக்க ஓட்டினேன். நிறுத்தியிருக்கணும்" என்று அவன் அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னான்.

நான் என்ன செய்தேன்? தோளைத் தட்டிக் கொடுத்தேன். விடு மாப்பிள்ளை என்றேன். மன்னிக்கிற மாதிரி. சீ.

ஜனவரி 14

நான் மனுஷன்தானா?

ஜனவரி 15

போய்ச் சொல்லிவிட்டேன். தங்கையையும் உட்கார வைத்து. நீ கொல்லலடா, நான்தான், தண்ணி வடிக்கல என்றேன்.

எந்த நாள் என்று கேட்டான். கல்யாணத்தன்று என்றேன்.

மாவுக்கட்டைத் தடவியபடி சொன்னான். "அன்னிக்கு நீ கால்தென் மாதிரி அழுதியே. கால் வலியெல்லாம் மறந்து சிரிச்சேன்."

அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். தங்கை எழுந்து போய் விளக்கை அணைத்தாள்.

ஜனவரி 23

எட்டு நாள். அவன் பேசவில்லை. தங்கை சோறு அனுப்பினாள். ஊறுகாய் இல்லை.

ஜனவரி 30

கால்தென் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. விளக்கினேன். ஒரு மணி நேரம் சிரித்தான்.

பிப்ரவரி 6

கட்டைப் பிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை கோல் ஊன்றி ஸ்டாண்டுக்கு வந்தான். பச்சையைத் தடவினான், திமிலைத் தட்டினான், ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் கண்ணை மூடிக் கேட்டான். விரிசல் விட்ட இன்ஜினைக் கொண்டுவந்து அவன் வாசலில் போடச் சொன்னான். தூக்கி எறிந்துவிட்டேனோ என்று பயந்திருந்தானாம்.

பிறகு அத்தனை டிரைவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "மச்சான், தண்ணி வடிச்சியா?"

மணி காலை பத்து. வெயில் அடிக்கிறது. ஸ்டாண்டு மொத்தமும் சிரித்தது, கால்தென் தரையில் உட்கார்ந்து சிரித்தான். இருபது வருஷமாக நான் கிண்டலடித்த ஆட்கள். என் காது எரிந்தது. ஆனாலும் அவன் என்னிடம் பேசியிருக்கிறான்.

பிப்ரவரி 10

நேற்றும் கேட்டான். இன்றும். சந்தையில் வைத்து.

பிப்ரவரி 14

மாப்பிள்ளை ஓட்ட, நான் பக்கத்தில், ஆட்டின் சீட்டில். மேக்மாவில் லாக்பா அக்கா எட்டிப் பார்க்கவில்லை. அவன் கீழ் வளைவுக்குத் திரும்பிப் போய் மறுபடி ஏறினான். அப்படி மூன்று முறை. மூன்றாவது முறை டீ தயாராக இருந்தது. சர்க்கரை தூக்கல்.

பனி கொட்டியதால் அங்கேயே தங்கினோம். அவன் வாய் திறக்குமுன் நானே சாயங்காலம் குனிந்து ரேடியேட்டர் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் முழுவதும் என் வலது ஷூவில் இறங்கியது. ஷூவைக் கழற்றி வண்டிக்கு அடியில் வைத்தேன்.

பிப்ரவரி 15

காலையில் ஷூ தரையோடு உறைந்து ஒட்டியிருந்தது. வரவில்லை. எனக்கு ஒற்றை ஷூதான், அப்படியே இறங்கி வந்தோம். ஷூ மேக்மாவில் இருக்கிறது.