அடி தெரிகிற படம்

அன்பு மகன் ஜெரோஷனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், முதலில் அதைப் படித்து மூச்சு விட்டுக்கொண்டு மீதியைப் படி. போனில் சொல்லப் போனால், பிள்ளை பயப்படுவான் என்று அப்பா போனை வாங்கிப் பேச்சை மாற்றிவிடுகிறார், அதனால் ஞாயிறன்று மலேசியாவுக்கு வேலைக்கு வருகிற ஜொய்சியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

லீவுக்குத் தேசியப் பூங்காவுக்குப் போய், கடலோர மணற்பாறைக்குக் கீழே பல் தெரிய நின்று படம் அனுப்பினாயே, அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக என்ன அழகு என்றுதான் முதலில் பார்த்தேன். பிறகுதான் கண் கீழே போனது, மேலே வீட்டளவு மண்டை, அடியில் இடுப்பு மெலிந்து நிற்கிறது, அதன் நிழலில் என் பிள்ளை! தண்ணீர் அரித்து அப்படி ஆனது என்று நீயே எழுதியிருந்தாய். புயல் மழைக்குப் பிறகு நம் லயத்து வீடுகளுக்குப் பின்னால் இருக்கிற பாறையும் அப்படித்தானே என்று மனம் அங்கே ஓடிவிட்டது. அப்பாவோ, 'அது மணல்கல்லு, இது கருங்கல்லு, எங்கப்பா காலத்துலருந்து நிக்குது' என்று சிரித்தார். நான் மலையில் கொழுந்து பறிக்கும்போதும் திரும்பித் திரும்பி லயத்தையே பார்த்து, கூடை நிறையாமல் கங்காணியிடம் ஏச்சு வாங்கினேன். கடைசியில் உன் படத்தைப் பெரிதாக்கி, அந்த மெலிந்த இடத்தை மட்டும் அப்பாவின் கண்ணுக்கு நேரே பிடித்தேன். முப்பது வருடம் தோட்டத்தில் மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டிய மனுஷன், தண்ணீர் மண்ணை எப்படித் தின்னும் என்று அவருக்கா தெரியாது. மறுநாள் காலை அலவாங்குக் கம்பியோடு லயத்துக்குப் பின்னால் போனார். பாறைக்கு அடியில் விட்ட அலவாங்கு, கை பிடிக்கிற இடம் வரை எதிலும் தட்டாமல் உள்ளே போனதாம். திரும்பி வந்து, 'சாமானக் கட்டு, யூஜினா' என்றார், அவ்வளவுதான்.

இப்போது ஸ்கூலில் ஒரு வகுப்பறையில் இருக்கிறோம். பாறை இன்னும் விழவில்லை. விழுந்து தொலைந்தால் நிம்மதி என்று ஒரு நேரம் தோன்றுகிறது, உடனே வாயில் அடித்துக்கொள்கிறேன், பக்கத்து வீட்டுச் செல்லசாமி அண்ணனோடு ஐந்து குடும்பம் இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறது. 'ரெண்டு நாள்ல திரும்பி வந்துருவீங்க தங்கச்சி' என்று கேலி வேறு. அவர்களுக்கும் உன் படத்தைக் காட்டினேன். ஜெரோஷன் கறுத்துட்டான், மெலிஞ்சிட்டான், முடியை ஏன் இப்படி வெட்டியிருக்கான் என்று உன்னையே பார்க்கிறார்கள், பாறையை ஒருவரும் பார்க்கவில்லை.

அதனால் இந்தக் கிழமையே இன்னொரு தடவை அங்கே போ. தூரத்தில் நின்று, அந்தப் பாறையின் அடி நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு, வீடு வீடாகக் கொண்டு போய்க் காட்டுகிறேன். வேளைக்குச் சாப்பிடு மகன். மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். மறந்துவிடாதே, அந்தப் படத்தில் நீ இருக்கக் கூடாது.

உன் அம்மா,
யூஜினா லோரன்ஸ்
இரண்டாம் வகுப்பு அறை, தோட்டப் பாடசாலை, றொசல்ல