ஆல்பத்தின் நான்காம் பக்கம்

1866 மார்ச் 4, ஞாயிறு

ஆராதனை முடிந்து லொவினா வீட்டில் தேநீர். அவள் கணவர் போய் ஆறு வருடம். என் மனைவி போய் ஒன்பது. வழக்கம்போல ஆல்பத்தைக் கையில் கொடுத்தாள். நான்காம் பக்கத்தில் என் படம் இல்லை. அந்த இடத்தில் போரிலிருந்து திரும்பிய கேப்டன் பர்டிக்கின் படம் — தாடியும் வாளுமாக. கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்த பட அட்டை எங்கே?

கேக் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மார்ச் 7

நாற்பது வருடம் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்தவன் நான். முதல் பெஞ்சிலிருந்து கடைசிக்குப் போன பையனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

மார்ச் 8

படம் எடுக்கும் கடையில் பிடித்துக்கொண்டு நிற்க வாள் இரவல் தருவார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

மார்ச் 11, ஞாயிறு

இன்று கேப்டனும் வந்திருந்தான்.

"என்ன வாத்தியாரே, பள்ளிக்கூடத்துக் கோட்டோடயே படம் எடுத்துக்கிட்டீங்களாமே?"

"உங்க வாளைத் திருப்பிக் குடுத்தாச்சா கேப்டன்?"

"ரெண்டு பேரும் கேக்கைச் சாப்பிடுங்க" என்றாள் லொவினா.

அவனை வழியனுப்ப அவள் வாசலுக்குப் போனாள். இத்தனை நேரம் என்ன பேச்சு? படத்தின் பின்னால் என்ன எழுதிக் கொடுத்திருக்கிறான்? பார்த்துவிடலாம் என்று அட்டையை இழுத்தேன். பக்கத்தில் உள்ள உறையிலிருந்து கீழ்ப்பக்கமாக உருவ வேண்டும்; அவசரத்தில் மேல்பக்கமாக இழுத்துவிட்டேன். பக்கம் கிழிந்தது. புத்தகத்தைக் கிழித்த பிள்ளைகளை மூலையில் நிற்க வைத்த நான்!

அதே உறைக்குள், அவன் முதுகுக்குப் பின்னால், இன்னொரு அட்டை. நான்தான். எடுத்து எடுத்துப் பார்த்ததில் ஓரமெல்லாம் கறுத்து, மூலை மழுங்கியிருந்தது.

"கிழிச்சாச்சா?" — லொவினா வாசற்படியில்.

இரண்டு அட்டைகளையும் மேசையில் வைத்தேன்.

"வர்றவங்கெல்லாம் உங்க படத்தைப் பாக்கறாங்க, உடனே என் மூஞ்சியப் பாக்கறாங்க. என்னன்னு பதில் சொல்றது? அதான் அவரை முன்னாடி காவலுக்கு நிறுத்தினேன். பட்டாளத்துக்காரர்தானே."

பசை கொண்டுவந்தாள். ஒட்டினேன்.

மே 26

போன வாரம் எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த படம் வந்தது. ஒரே அட்டையில் இருவர். அவள் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் நான், புதுக் கோட்டில். படம் எடுக்கும்போது தலை ஆடாமல் கழுத்தைப் பிடித்த இரும்புக் கவை தெரியவில்லை. பன்னிரண்டு பிரதிகள்.

முதல் பிரதியைக் கேப்டனுக்கு உறையிலிட்டு, முகவரியும் எழுதினேன், என் மிக அழகான கையெழுத்தில்.

"பொல்லாத ஆளுய்யா நீங்க" என்றாள்.